மேட்னிக்குப் பாட்டு கிடையாது

என் அத்தையின் கல்யாணத்தை நடத்தி வைத்தது நான்தான். இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அப்போது நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அவளைக் கட்டினால்தான் ஆச்சு என்று நின்றவர் அம்மாவின் தம்பி, என் தாய்மாமா. முறை சரி, வயது சரி, அத்தைக்கும் சம்மதம். வேலைதான் சரியில்லை என்றார் அப்பா. மாமா எழுமலைக் கொட்டகையில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டப்பகலில் இருட்டறைக்குள் போய் உட்காருகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று ஒரே பிடியாக நின்றார். 'மாப்ள, மாப்ள' என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மச்சினனிடம் ஒரு வருஷமாகப் பேச்சே கிடையாது. மேலூரில் கல்குவாரி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பையனைப் பேசியும் முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவர்கள் பூ வைக்க வருவதாக இருந்தது. அத்தைக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. எனக்கும் வயிற்றெரிச்சல்தான். அவள் மேலூருக்குப் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னிவிடுவது? அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அப்பா சினிமாவுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் பழைய பாட்டு என்றால் உயிரை விடுவார். உரம் வாங்க மதுரைக்குப் போனாலும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கேசட் பதிந்து வாங்காமல் திரும்ப மாட்டார். வயலில் மடை திறக்கும்போது அவர் பாடுவதைக் கேட்டு நாங்கள் சிரித்தால் முதுகில் ஒன்று விழும்.

அதற்கு முந்தின வாரம் பார்த்து எழுமலைக்கு ஒரு சிரிப்புப் படம் வந்து சேர்ந்தது. படம் பூராவும் பழைய பாட்டுகள். கதாநாயகன் ஒரு மைக்செட்டுக்காரன். கூச்சத்தில் அவனுக்கு வாயே வராது. மனசில் இருப்பது எல்லாவற்றையும் பழைய பாட்டாகப் பாடித்தான் சொல்லுவான். போஸ்டரைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எவன் ஓட்டினால் என்ன, பாட்டு பாட்டுதானே என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டார். பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ராத்திரி ஆட்டத்துக்குப் போவது சரிப்படாது, ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போவோம் என்று சொன்னது அத்தை. அதுதான் சரி என்றாள் அம்மா. என்னை யாரும் யோசனை கேட்கவில்லை. நான் பாட்டுக்குப் பவுடர் பூசிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றேன்.

கொட்டகையில் ஆண்கள் பக்கம் அப்பா, பெண்கள் பக்கம் நாங்கள். படம் நன்றாகத்தான் தொடங்கியது. கதாநாயகி தெருவில் வருகிறாள். இவன் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடி வாயைத் திறக்கிறான். அவ்வளவுதான், டபக்கென்று வெட்டிக்கொண்டது. அடுத்த காட்சியில் அவன் தலையில் பெரிய கட்டு. யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று ஒரு எழவும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வாயைத் திறந்தான். இந்தத் தடவை வெட்டு முடிந்து பார்த்தால் கதாநாயகி அவன் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். மூன்றாவது தடவை அவன் வாயைத் திறந்து மூடுவதற்குள், அரிவாளோடு வந்த பெண்ணின் அப்பா ஆளே மாறி, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லாரும் முறுக்கைக் கடித்துக்கொண்டு சாவகாசமாகப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கமிருந்து அப்பாவின் செருமல் மட்டும் வரவர உரத்துக் கேட்டது.

இடைவேளை விட்டதும் அத்தை என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். மேலே போய் மாமாவிடம் பாட்டு எங்கே என்று கேட்டுவிட்டு வரச் சொன்னாள். இந்த மாதிரி வேலைக்கு என்னை விட்டால் ஆள் ஏது? ஒரே ஓட்டமாகப் படியேறினேன். ஆபரேட்டர் ரூமில் மாமா மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்கச் சொன்னது அப்பாவா என்றார். ஆமாம் என்று அடித்துவிட்டேன்.

"அப்ப அவரையே வந்து கேக்கச் சொல்லு தாயி" என்றார்.

இறங்கி வந்து, சோடா குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் அதை அப்பாவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அத்தனை பேர் திரும்பிப் பார்த்த பிறகு மனுஷன் எப்படிச் சும்மா இருப்பார்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன்.

"பாட்டுப் படத்துல பாட்ட வெட்டிப்புட்டு என்னத்தடா ஓட்டிக்கிட்டு இருக்க?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பா மாமாவிடம் பேசிய முதல் பேச்சு அது. மாமா பதறவில்லை. மேட்னிக்குப் பாட்டு கிடையாது மச்சான், அது இங்கே வழக்கம் என்றார். மேட்னிக்கு வருவது முக்கால்வாசியும் பெண்கள். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் வீடு போய் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற முடியும். பாட்டையும் சேர்த்து ஓட்டினால் பஸ் போய்விடும். அதனால் மேட்னிக்கு முன்னால் பாட்டுகளை மட்டும் வெட்டித் தனியாகச் சுற்றி வைத்துவிட்டு, சாயங்கால ஆட்டத்துக்கு மறுபடியும் ஒட்டிவிடுவாராம். எங்கள் வீட்டு மாடுகளும் அந்த ஐந்து மணி பஸ்ஸைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தன.

படம் முடிந்ததும் இருங்கள், எல்லாப் பாட்டையும் உங்களுக்காக ஓட்டுகிறேன் என்றார் மாமா. அப்பா என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

படம் விட்டதும் பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். மாடு கறக்க வேண்டுமே என்று அம்மாவும் அவர்களோடு ஓடினாள். காலிக் கொட்டகையில் அப்பாவும் அத்தையும் நானும் மட்டும். விளக்கு அணைந்தது. முதல் பாட்டு வந்ததும் எனக்குத் தலைக்கட்டின் ரகசியம் விளங்கியது. அவன் பாடப்பாட, கதாநாயகியின் அண்ணன்மார் நாலு பேர் கட்டையைத் தூக்கிக்கொண்டு தாளம் தப்பாமல் வருகிறார்கள்! அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. இரண்டாவது பாட்டில் அப்பா தொடையில் தாளம் போட்டார். மூன்றாவது பாட்டில், பெண்ணின் அப்பா அரிவாளைக் கீழே போடுகிற இடத்தில், வாய்விட்டே பாடினார். சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, முதுகில் விழும் என்ற பயம் அவர்களுக்கு இல்லாதபோதும்.

கடைசிப் பாட்டு முடிந்தது. மாமா படியிறங்கி நேரே அப்பா முன்னால் வந்து நின்றார்.

"மச்சான், அந்தப் பய மாதிரி எனக்குப் பாடிக் கேக்கத் தெரியாது. ஒங்க தங்கச்சிய எனக்கே குடுங்க."

அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நொறுங்கிவிட்டது. என்னுடைய வளையல். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்த மூணாவது பாட்ட இன்னொருக்காப் போடு மாப்ள" என்றார்.

அந்த 'மாப்ள' போதுமென்று மாமா படியேறி ஓடினார். அத்தை அழுதாள். எனக்கும் காரணமே தெரியாமல் அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மேலூருக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவாகவே சொன்னார். நான் மட்டும் அன்றைக்குப் படியேறிப் போய்க் கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தே ஆக வேண்டும் என்று அந்தப் பஸ்ஸிலேயே அத்தையிடம் பேசி முடித்தேன்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு எழுமலையில் ஒரு மேட்னியையும் விடாமல் பார்த்துவிட்டு, அதே ஐந்து மணி பஸ்ஸில் வந்து மாடு கறந்தவர்கள் அம்மாவும் அத்தையும். அது ஏனோ அன்று என் நினைப்பிலேயே வரவில்லை. இந்தச் செய்தியை அம்மாவிடம் முதலில் சொல்வது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூச்சிரைக்க ஓடினேன். மாமா பெண் கேட்ட பிறகு எங்களுக்கு முன்னால் யாரும் ஊருக்குப் போகவில்லை, வீட்டில் போனும் கிடையாது. அம்மா பால் ஊற்றிவிட்டு வந்து, சட்டி நிறையக் கேசரி கிண்டி இறக்கி வைத்திருந்தாள். மாடு கறந்த அலுப்பில் இனிப்புத் தின்ன ஆசை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு கை அள்ளி வாயில் போட்டபடியே நடந்ததை எல்லாம் சொன்னேன். அம்மா முகவாயில் கையை வைத்துக்கொண்டு, அப்படியா, நெசமாவா என்று ஆச்சரியப்பட்டாள். நான் நம்பிவிட்டேன்.