கரட்டு அம்மனிடம் பூக் கேட்கப் போனோம்

ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி பாவாயி, "அமாவாசைக்குள்ள கரட்டு அம்மங்கிட்டப் போயி, நம்ம பையனுக்குப் பூக் கேட்டுப்போடலாமுங்க" என்றாள். எங்கள் ஒரே மகன் செங்கோடன் ரங்கூனில் அரிசி மில்லில் வேலையாயிருந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கால்நடையாகக் கிளம்பிய கூட்டத்தில் அவனும் இருந்தான். கூட நடந்த ஒருவர் வீடு தேடி வந்து, காட்டு வழியில் காய்ச்சலோடு அவன் உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லிப் போனார். அதன்பிறகு இரண்டு வருஷமாகத் தகவலே இல்லை. எனக்கு அறுபத்து மூன்று வயது, அவளுக்கு ஐம்பத்தெட்டு. இந்த வயதில் இப்படியொரு பாரம் எதிரிக்கும் வேண்டாம்.

போக நினைக்கிறவர்களுக்காக வழியை எழுதுகிறேன். சேலத்திலிருந்து ராசிபுரம் பதினேழு மைல். காலை ஏழு மணிக்கு பஸ், கட்டணம் ஆறணா. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற வண்டி. ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தே கிழவனானவன். எனக்கு பஸ்ஸே ஆகாது, இதில் கரி பஸ் வேறு! மேடு வந்ததும் கண்டக்டர், "ஆம்பளைங்கெல்லாம் எறங்கிக் கொஞ்சம் தள்ளுங்க சாமி" என்றார். "கெழவனுமாய்யா?" என்றேன். "நீங்க சும்மா கையி மட்டும் வெச்சுக்கோங்க" என்றார். ராசிபுரத்தில் இறங்கும்போது மணி ஒன்பதரை. வேட்டி கரித்துணியாகிவிட்டது.

அங்கிருந்து நான்கு மைல் மாட்டு வண்டி. மழை ஏமாற்றிய வருஷம். சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. வண்டிக்காரர் மாரப்பன் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "பூக் கேக்கறதுக்குங்களா? நல்லா ரோசன பண்ணிக் கேளுங்க. ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க அம்மன் சொல்லும். மறுக்காக் கேட்டா வாயத் தொறக்காது."

கரடு என்றால் மொட்டைப் பாறைக் குன்று, ஏற அரை மணி நேரம் ஆகும். மருந்துக்குக்கூட நிழல் இல்லை. கோயிலில் பண்டாரம் வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனி இலையில் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போடுவார். வீட்டு ஆண்பிள்ளை கேள்வியை அவர் காதில் சொல்ல வேண்டும். பெற்றவள் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் ஆமாம், சிவப்பு என்றால் இல்லை. "பையன் உயிரோட இருக்கறானா?" என்று காதில் சொன்னேன். பாவாயி கண்ணை மூடி உதடு அசைய நின்றிருந்தாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை!

நான் வாய்விட்டே அழுதுவிட்டேன். அவளும் "ஆத்தா, என் தாயே" என்று விழுந்து கும்பிட்டாள். கொண்டுபோன தயிர்ச் சோற்றை எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அதைப் பார்த்ததே எனக்குப் போதும் என்றிருந்தது.

வண்டி பாதி தூரம் வந்திருக்கும். "ஏனுங்க, அமாவாசையன்னைக்கே கருமாதி வெச்சுக்கலாமுங்களா? அம்மந்தான் உத்தரவு குடுத்துருச்சே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் என்ன கேட்டேன்னு நெனச்சே?"

"கருமாதி செய்யலாமான்னுதானுங்க. அமாவாசைக்குள்ளன்னு சொன்னனுங்களே! அவன் போயிட்டான்னு எனக்கு எப்பவோ தெரியுமுங்க. ரெண்டு வருசமா வாய்விட்டு அழுகக்கூட முடியாம நெஞ்சு வேகுது."

நான் கேட்டதைச் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று அவளுக்கு. "வண்டியத் திருப்புங்க" என்றாள் மாரப்பனிடம். அவர் தயங்கித்தான் திருப்பினார். அந்த வெயிலில் மறுபடி ஏறினோம். பண்டாரம் அசையவில்லை. "ஊட்டு ஆம்பள எங்காதுல சொன்னதுக்குத்தான் அம்மன் பூக் குடுத்துது. நீங்க மனசுல நெனச்சதுக்கு நான் என்னங்கம்மா பண்றது?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இறங்கும்போது அவள் கேட்டாள்: "அப்ப உசுரோட இருக்கறானுங்களா?"

"ஆமா."

"அப்பறம் ஏனுங்க வரலை?"

சறுக்காமல் இருக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முந்தின இரவே ராசிபுரத்தில் தங்கி வெயிலுக்கு முன் ஏறுங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், மேலே கிணறு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன கேட்கப் போகிறோம் என்பதை அடிவாரத்திலேயே ஒருவருக்கொருவர் வாய்திறந்து பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் நாற்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள், அதனால் பேசத் தோன்றவில்லை.

அமாவாசை வந்தது, போயிற்று. கருமாதி செய்யவில்லை. ரேஷன் அரிசியில் தினமும் இரவு அவனுக்கும் ஒரு பிடி சேர்த்து உலையில் போடுகிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறாள். "அம்மன் பொய் சொல்லாதுங்க" என்கிறாள். எனக்குத்தான், ஏன் வரவில்லை என்று அவள் கேட்டதிலிருந்து, பையன் இல்லை என்று நன்றாகத் தெரிந்துவிட்டது. அவள் சோற்றை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படி அழுவது?