நான் பாராட்டிய நிலநடுக்கம்

பாரிசுக்கு வந்து இரண்டு வருடம் ஆவதற்குள் நான் பிரெஞ்சுப் பண்டிதன் ஆகிவிட்டேன். பட்டம் தந்தவர்கள் லா ஷப்பல் பகுதியில் என்னோடு ஒரே அறையில் படுத்த ஐந்து பேர். அவர்களுக்குப் 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர வேறொன்றும் தெரியாது. எனக்கு அதற்கு மேல் ஒரு நூறு சொல் தெரியும். அதைவிட முக்கியமாக, தெரியாததைத் தெரிந்தமாதிரிச் சொல்லும் தைரியம் இருந்தது. அகதி விண்ணப்பங்களை நிரப்புகிறவன் நான்தான். ஒருவனுடைய படிவத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்துக்குள் 'ஆஸ்பத்திரி' என்று எழுதிக் கொடுத்தேன். படிவம் வாங்கும் கந்தோரில் இருந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்ததாக அவன் வந்து சொன்னான். என் கையெழுத்தின் அழகைப் பார்த்துச் சிரித்திருப்பாள் என்றேன். அவனும் நம்பினான்.

ஆனால் ஒரு சொல் மட்டும் எனக்கு மட்டுமல்ல, லா ஷப்பலில் எல்லாத் தமிழருக்கும் தெரியும். 'சுக்கூர்.' உதவி, நிவாரணம் என்று பொருள். வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் எங்களுக்குக் கோட்டும் சப்பாத்தும் தந்தது ஏதோவொரு சுக்கூர்தான். 'சுக்கூருக்குப் போனனியோ?' என்று ஒருவன் கேட்டால், சும்மா கிடைக்கும் கோட்டை எடுத்துவிட்டாயா என்று அர்த்தம். நான் எடுத்தது பெண்கள் போடும் கோட் என்பதை ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டு முடித்த பிறகுதான் ஒருவர் சொன்னார்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல்முனையில் எங்கள் தமிழ்க் கடைகள் இருந்தன. அதே தெருவில் கீழே இறங்கி நடந்தால், ஒரு முற்றத்துக்குள் நான் வேலை செய்த தையல் பட்டறை. தைத்து வரும் பாவாடைகளை அயன் பண்ணுவது என் வேலை. முதலாளியும் தைப்பவர்களில் பாதிப் பேரும் ஆர்மேனியர்கள். என் மேசைக்கு எதிரே பொத்தான் துளை தைக்கும் அம்மா இருப்பார். அறுபதை நெருங்கிய வயது. எல்லோரும் அவரை மடாம் என்போம். அவர் பிரான்சிலேயே பிறந்தவர். அவருடைய அக்கா மட்டும், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, சொந்த நாட்டுக்குப் போகிறோம் என்று கணவனோடு கப்பலேறி சோவியத் ஆர்மேனியாவுக்குப் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது மடாமின் உதட்டில் எப்போதும் ஊசி இருக்கும். அதனால் 'சொந்த நாடு' என்பதை அவர் பெருமையாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பட்டறையில் எனக்காக மெதுவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். நான் தலையாட்டுவேன். பாதி விளங்கும். மற்றப் பாதிக்கும் சேர்த்துத்தான் தலையாட்டுவேன்.

1988 டிசம்பரில் ஆர்மேனியாவில் நிலம் நடுங்கியது. பட்டறை வானொலி நாள் முழுக்க அதையே சொன்னது. மடாம் நான்கு நாள் ஒருவரோடும் பேசாமல் துளை தைத்தார். ஐந்தாம் நாள் யாரோ உறவினர் மூலம் செய்தி வந்தது. அக்காவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். வீட்டுச் சுவர் வெடித்துவிட்டது. தைரியம் வந்து உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் நிலம் திரும்பவும் ஆடுகிறது, ஓடி வெளியே வருகிறார்கள். வாய்க்கால் தண்ணீர் கல்லாக உறையும் குளிரில், முற்றத்தில் ஒரு தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே படுக்கிறார்கள். போர்வை இல்லை. இவ்வளவையும் மடாம் எனக்குக் கையால் நடித்துக் காட்டினார், அதனால் எனக்கு முழுவதும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை ஆர்மேனியர் மண்டபத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு லொறி போகிறது, போர்வையும் கம்பளியும் சேர்க்கிறார்கள் என்று முதலாளி சொன்னார். எனக்குள் இருந்த தலைவன் எழும்பிவிட்டான். சனிக்கிழமையே அரிசிப்பை வந்த பெட்டி மட்டையில் கொட்டை எழுத்தில் அறிவித்தல் எழுதிக்கொண்டு, நாங்கள் வழமையாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர்மேனியா எங்கை கிடக்கு?"

"ரஷ்யாவுக்குக் கீழை, அண்ணை."

"அங்கை தமிழாக்கள் இருக்கினமோ?"

"இல்லை."

"எங்கடை சனமே சண்டையாலை ஊரிலை கோயில்லையும் பள்ளிக்கூடத்திலையும் படுத்துக் கிடக்குது. நீர் ரஷ்யாவுக்குப் போர்வை சேர்க்கிறீர்."

சொல்லிவிட்டு அவரே உள்ளே போய், பிளாஸ்டிக் பை கூடப் பிரிக்காத ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "முதல் ஆளா என்ரை பேரை எழுதும்" என்றார்.

எங்கள் ஆட்களுக்குக் குளிர் என்றால் பேய்ப் பயம். ஒவ்வொருவனும் மூன்று போர்வை வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை புறநகர் சார்செல்லில் இருந்து சாமான் வாங்க ரயிலில் வந்த குடும்பங்கள் பொதி பொதியாகக் கொண்டுவந்தன. ஒருவர் இடுப்பில் கட்ட இரண்டு சாரம் தந்தார். ஒரு அக்கா, "பாவங்கள், வாய்க்கு உறைப்பா இருக்கட்டும்" என்று ஒரு டின் மிளகாய்த்தூள் தந்தார். அதை மட்டும் நான் அறைக்குக் கொண்டுபோனேன். கடையின் பின்னறை நிரம்பியது. எல்லோரும் என்னை 'உவர்தான் சேர்க்கிறவர்' என்று காட்டிப் பேசினார்கள். அந்த இரண்டு நாளும் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை மடாம் கண் வீங்கி வந்தார். அக்காவிடமிருந்து செய்தி உண்டா என்று கேட்டேன். அவர் சொன்னது இரண்டே வசனம். 'ஆங்கோர் தே சுக்கூஸ். தூ.'

என் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். 'ஆங்கோர்' என்றால் மேலும். 'தூ' என்றால் இரண்டு. நடுவில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த சுக்கூர். ஏன் முடிவில் 'ஸ்' என்கிறார்? பன்மை! ஒன்றுக்கு மேல் போனால் எஸ் சேர்க்கவேண்டும் என்று முதல் பாடத்தில் படித்திருந்தேன். அந்த எஸ் எழுத்தில் மட்டும்தான், வாயில் வராது என்பது இரண்டாவது பாடம். நான் முதல் பாடத்தோடு வேலைக்குப் போய்விட்டவன். ஆக, நிவாரணம் மேலும் இரண்டு தடவை வந்து சேர்ந்திருக்கிறது.

"மிக நல்லது, மடாம்! பிராவோ!" என்றேன். போதாதென்று கையும் தட்டினேன்.

மடாம் என்னைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நான் முடிவெடுத்தேன். கிட்டப் போய் முதுகில் தட்டி, "கடவுளுக்கு நன்றி" என்றும் சொன்னேன்.

மத்தியான இடைவேளையில் கடைக்கு ஓடினேன். வெளிநாட்டு உதவி இரண்டு தரம் வந்து இறங்கிவிட்டது, இனிப் போர்வை தேவையில்லை என்று அறிவித்தேன். கடைக்கார அண்ணைக்குப் பின்னறை அவசரமாகத் தேவைப்பட்டது. அரிசி வந்து வெளியே நின்றது. "சந்தோசம். ஆக்களை வந்து எடுக்கச் சொல்லும்" என்றார். லா ஷப்பல்காரர் அன்றே எடுத்துப் போனார்கள். சார்செல் போர்வைகளைச் சாமான் ஏற்றும் வான்காரர் புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளிக்கிழமை லொறி எங்கள் போர்வை ஒன்றுகூட இல்லாமல் போனது. அறிவித்தல் மட்டையை நானே கழற்றி மடித்து வைத்தேன்.

மடாம் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். பாவாடைகளை என் மேசையில் வைக்காமல் பக்கத்துக் கதிரையில் போட்டார். அக்காவைப் பற்றிய யோசனையில் இருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது.

சனிக்கிழமை கடையில் ஒரு புதுச்சேரிப் பெரியவர் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கக்கத்தில் அன்றைய பத்திரிகை. அவருக்குக் கேட்கவேண்டும் என்றே நான் கடைக்கார அண்ணையிடம், "ஆர்மேனியாவுக்கு சுக்கூஸ் போய்ச் சேந்திட்டுதாம்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

பெரியவர் திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"சுக்கூஸ், ஐயா. நிவாரணம். சுக்கூருக்குப் பன்மை."

அவர் பத்திரிகையை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "அது வேற, இது வேற தம்பி. சுக்கூஸ்னா அதிர்ச்சி. பூமி ஆடுறது. திரும்பவும் ரெண்டு தடவ ஆடியிருக்குன்னு போட்டிருக்கான் பாருங்க. எங்க கேட்டீங்க இந்த வார்த்தைய?"

"அங்கை அக்கா இருக்கிற ஒரு அம்மா சொன்னவா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். கடைக்கார அண்ணை முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "கையும் தட்டினனியோ?" என்று மெதுவாகக் கேட்டார். "ஓம், அண்ணை" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னதாக நான் ஒருபோதும் நின்றதில்லை. பெரியவர் மட்டும், "ரெண்டும் காதுல ஒண்ணாத்தான் விழும்" என்று எனக்காகப் பொய் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி சார்செல்லுக்குப் போனேன். அடுக்குமாடிகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, கொடுத்து, திரும்ப வாங்கிய போர்வையைத் திரும்பவும் கேட்டேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடிக்கு மாடி என் முட்டாள்தனத்தை முதலில் இருந்து சொல்லவேண்டியிருந்தது. ஐந்தாவது மாடிக்குள் அது நல்ல கதையாக உருவாகிவிட்டது. ஒன்பதாவது மாடியில் ஒரு அக்கா, "பிள்ளையள் நித்திரை, சிரிக்கப் பண்ணாதையும்" என்று கதவைச் சாத்தினார். பிறகு திறந்து, போட்டுப் படுத்திருந்த போர்வையையே உருவிக் கொண்டுவந்து தந்தார். பின்னேரம் நானும் அறைத்தோழர் இருவரும் பொதிகளோடு திரும்பி ரயிலில் வந்தோம். திங்கட்கிழமை இரண்டாவது லொறி போகும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதில் எல்லாவற்றையும் ஏற்றினோம்.

அன்று காலையே மடாமின் முன்னால் போய் நின்றேன். புதுச்சேரிப் பெரியவர் எழுதித் தந்த மன்னிப்பை வாசித்தேன். நான் சுக்கூர் என்று நினைத்தேன், சுக்கூஸ் என்று விளங்கவில்லை. மடாம் ஊசியை உதட்டிலிருந்து எடுத்தார்.

"நீங்கள் போரிலிருந்து வந்தவர்" என்று அவர் வழமைபோல் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்குச் சாவு பழகிவிட்டது என்று நினைத்தேன். உங்கள்மேல் கோபப்படவில்லை. பயந்தேன்."

நான் விளங்காமல் தலையாட்டிய பாதிகளில் எத்தனை இடத்தில் இப்படி நடந்திருக்குமோ என்று அன்றுதான் நான் பயந்தேன். பிள்ளைகள் படிக்கும் அகராதி ஒன்று வாங்கினேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசித்தேன்.

பெப்ரவரியில் மடாமின் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. வழியில் எங்கேயோ நனைந்து, சுருண்டு, எழுத்து பரவி வந்திருந்தது. மடாம் அதை வாசித்துவிட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார். "குறைந்த சூட்டில், துணிக்கு அடியில் வைத்து" என்றார். நான் தாள் தாளாக அயன் பண்ணினேன். பட்டறையில் வேறு யாரிடம் கொடுத்தாலும் வாசித்துவிடுவார்கள், என்னிடம் கொடுத்தால் பயமில்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

அக்கா பிரெஞ்சில்தான் எழுதியிருந்தார். நாற்பது வருடம் பாவிக்காத பள்ளிக்கூடப் பிரெஞ்சு. குட்டிக் குட்டி வசனங்கள், இப்படி: முதல் விமானத்துப் போர்வைகள் எங்களுக்கு இரண்டு தெரு முன்னாலேயே முடிந்துவிட்டன. நிலம் திரும்பவும் ஆடியது. அடுத்த போர்வைகள் வர எட்டு நாள் ஆனது. ஆறாவது நாள் பக்கத்துப் படங்கில் இருந்த கிழவர் எழும்பவில்லை. அவர் தன்னுடைய கோட்டை எங்கள் சின்னவளுக்குக் கொடுத்திருந்தார்.

எங்கள் போர்வைகள் வெள்ளிக்கிழமையே போயிருந்தாலும் வேறெங்கோதான் போயிருக்கும் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். அன்று அந்த மேசையில், அகராதி இல்லாமல், ஒரு சொல்லும் பிசகாமல் எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று முதல்தடவையாக ஆசைப்பட்டேன்.

தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். மடாம் என் முகத்தையே பார்த்தார்.

"வாசித்தீர்களா?"

"பார்த்தேன், மடாம். எனக்கு விளங்கவில்லை."

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"எல்லோரும் சுகமாம்" என்றார்.