கூடிக்கொண்டே போன தூரம்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் டிக்கெட்டக்கா. மருந்துக்கடைக்கும் சலூனுக்கும் நடுவிலிருந்த டிராவல்ஸில் பல வருடமாக உட்கார்ந்து, பாதி ஊரை விமானம் ஏற்றி அனுப்பியவள். அவள் மட்டும் ஏறியதில்லை. முதல்முறை பறப்பவர்கள் பயந்தால், "மூணேகால் மணி நேரம்தாங்க, கண்ண மூடித் தெறந்தா வந்துடும்" என்று கூசாமல் அடித்துவிடுவாள்.

அந்த மூன்றேகால் மணி நேரத்துக்கு அப்பால்தான் அவளுடைய ஒரே தங்கை இருந்தாள். அம்மா போனபின் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி, கல்யாணமும் கட்டிக்கொடுத்தது அக்காதான். தங்கை புருஷனுக்கு அங்கிருந்து போகும் கப்பலில் வேலை. தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக அடுத்த மாதம் போவதென்று அக்கா விசாவெல்லாம் எடுத்துவைத்திருந்தாள். அதற்குள் ஒரு நாள் காலையில், கடையில் ஆள் நிற்கும்போதே போன் வந்தது.

"அக்கா, பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். அவரு நடுக்கடல்ல இருக்காரு. பயமா இருக்குக்கா."

"அழாத. இதோ கெளம்பிட்டேன்."

அவள் பாஸ்போர்ட்டை எடுக்க வீட்டுக்கு ஓட, முதலாளியே மதிய விமானத்துக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்தார்.

முன்சீட்டின் முதுகிலிருந்த திரையில் ஒரு குட்டி விமானமும், போகவேண்டிய கிலோமீட்டரும் தெரிந்தன. வந்த சாப்பாட்டைத் தொடாமல் அதையே முறைத்தாள். கழிவறைப் பக்கம் போய்ப் போய் வந்தாள்.

"இது நகரவே மாட்டேங்குதே!"

"அதப் பாக்காதீங்கம்மா. பாக்கப் பாக்க மெதுவாத்தான் போகும்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் தச்சர்.

ஒருவழியாக எண் நாற்பதுக்குக் குறைந்தது. பெல்ட் போடச் சொன்னார்கள். பிறகு விமானம் சாய்ந்து சாய்ந்து சுற்ற ஆரம்பித்தது. கீழே புயல்மழை, இறங்க முடியாதாம். வேறு நகரத்துக்குத் திருப்புவதாக அறிவித்தார்கள். திரையில் எண் ஏறத் தொடங்கியது. அறுபது, தொண்ணூறு, நூற்றைம்பது. உள்ளங்கையால் திரையை மறைத்தாள்.

இறங்கியதும் போன் செய்தாள். தங்கை எடுக்கவில்லை. பயணிகளை ஏற்றிப்போக பஸ் வருமாம், எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

"எங்க கம்பெனி வேன் இந்த ஊர்லதான் சரக்கு ஏத்துதாம். அந்தப் பக்கந்தான் போகுது. வர்றீங்களா?" என்றார் தச்சர்.

பலகைகளுக்கும் பசை டின்களுக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வைப்பருக்கு அடங்காத மழை. பாதி வழியில் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டாள். பெண் குழந்தை, தாய்க்கு ஒன்றுமில்லை, குழந்தை எடை குறைவு, இன்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள்.

"நான் வர்றதுக்குள்ள உனக்கென்னடி அப்படி அவசரம்?" என்று இன்னும் பார்க்காத குழந்தையைத் திட்டிக்கொண்டே அழுதாள். டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

வார்டுக்குள் நுழைந்தவளின் தலையெல்லாம் மரத்தூள். தங்கை அவள் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை. விட்டதும் அக்கா இன்குபேட்டர் அறைக்கு ஓடினாள். கண்ணாடிக்குள் உள்ளங்கையளவு மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தாள். மறுபடி ஓடினாள்.

"ஒரு எடத்துல ஒக்காரேன்க்கா, எனக்குத் தல சுத்துது" என்று தங்கை சிரித்தாள்.

குழந்தை தேறி எடை போட்டது. கப்பல்காரர் கரைக்கு வர இன்னும் பல மாதம் ஆகும் என்பதால், டாக்டர் சரியென்றதும் இருவரையும் தன்னோடே ஊருக்குக் கூட்டிவந்தாள். விமானத்தில் தாயும் பிள்ளையும் நன்றாகத் தூங்கினார்கள். டிக்கெட்டக்கா கண்ணை மூடவில்லை. குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.