நான் வெட்டிய பதினான்கு வருடங்கள்

இரண்டு வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை மாலை, எமேக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்களுக்கு அடுத்த வீடு. கையில் ஒரே ஒரு தாள். ஏழு வருடம் முன்பு நான் டைப் செய்து கொடுத்த அவருடைய பயோடேட்டா.

"பிரதர், இதிலே நீ வெட்டினதையெல்லாம் திரும்பப் போடணும்" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. எமேக்கா யார் வீட்டிலும் நின்றுகொண்டு பேசுகிற ஆளில்லை. விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். (பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதை எழுத அவர் அனுமதி உண்டு.) நைஜீரியாக்காரர். ஐம்பதைத் தொடுகிறார். ஆக்லாந்தில் வரித்துறை அலுவலர். மளிகைக் கடை, டேக்அவே உணவுக்கடை, டாக்சி என்று சின்னதாகத் தொழில் செய்கிறவர்களை நேரில் போய்ப் பார்த்து, ஜி.எஸ்.டி. என்றால் என்ன, எப்போது கட்ட வேண்டும் என்று பொறுமையாக விளக்குவது அவர் வேலை.

அதற்கு முன்னால்? சொந்த நாட்டில் பதினான்கு வருடம் வங்கியில் இருந்தார். அபா என்ற வியாபார நகரத்தில் கேஷியராகச் சேர்ந்தவர். சந்தையில் துணி விற்கும் பெண்களுக்குக் கடன் கொடுத்து, அது ஒழுங்காகத் திரும்பியும் வந்ததால், கிளை மேலாளரானார். கடைசியில் பதினோரு கிளைகளுக்குப் பொறுப்பு. பிறகு அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தது. இரண்டு நாற்காலிகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. அது அவருடையது இல்லை.

மனைவி நர்ஸ். அவருக்கு இங்கே வேலை கிடைக்க, குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். ரக்பி உலகக் கோப்பை இங்கே நடந்த வருடம். ஊரே கொடி கட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தது. எமேக்கா விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்.

எத்தனை விண்ணப்பங்கள் என்று அவர் எண்ணவில்லை. மனைவி எண்ணியிருக்கிறார் — நாற்பத்தொன்று. வந்த பதில்கள் இரண்டே வகை. ஒன்று, உள்ளூர் அனுபவம் இல்லை. மற்றது, இந்த வேலைக்கு உங்கள் தகுதி அதிகம். பதினோரு கிளைகளை நிர்வகித்தவர் ஹென்டர்சனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தக்காளி சாஸ் பாட்டில்களை அடுக்கினார்.

அப்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

ஊரில் பத்திரிகையில் பல வருடம் சப்-எடிட்டராக இருந்தவன் நான். நீளமாக எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். மூன்று பக்க பயோடேட்டாவை வாங்கி ஒரு பக்கமாக்கினேன். பதினோரு கிளைகள் போயின. மேலாளர் போனார். 'வகித்த பதவி' என்ற இடத்தில் 'கேஷியர்' என்று போட்டேன். பொய்யா? இல்லை. அவர் கேஷியராக இருந்தது உண்மை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருந்து, மொத்தமும் பொய்யாக இருக்கலாம்... இது எங்கள் தொழிலில் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்கிற வித்தை.

மூன்றே வாரத்தில் வரித்துறையில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. விண்ணப்பப் படிவத்திலும் அதே 'கேஷியர்'. கீழே, மேலே சொன்னவை முழு உண்மை என்று அவர் கையெழுத்து.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஊரில் கல்யாணப் பேச்சு என்றால் மாப்பிள்ளைக்கு ஒரு டிகிரியைக் கூட்டிச் சொல்வோம். இங்கே வேலை என்றால் ஒரு டிகிரியைக் குறைத்துச் சொல்கிறோம். கூட்டிச் சொல்வதற்கு வெட்கப்படுகிற நாம், குறைத்துச் சொல்வதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, தொலைபேசியை விட்டுக் கடைகளுக்குப் போகும் வேலைக்கு மாறி, ஏழு வருடமும் கழிந்த பிறகு என்ன வந்தது? அவர் பிரிவிலேயே குழுத் தலைவர் பதவி ஒன்று காலியானது. ஆட்களை நிர்வகித்த அனுபவம் ஐந்து வருடம் வேண்டும் என்று விளம்பரம். அவரிடம் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது. ஆனால் அவர் ஃபைலில் ஒரு நாள்கூட இல்லை. இப்போது உண்மையைச் சொன்னால், வேலைக்குச் சேர்ந்தபோது பொய் சொன்னவர் ஆகிறார். அந்தக் காரணத்துக்கே வேலையை விட்டு அனுப்பலாம்.

"அப்ளை பண்ணாதீங்க. பேசாம இருந்துடுங்க. மார்ட்கேஜ் இருக்கு, ரெண்டு பசங்க இருக்காங்க" என்றேன்.

"பேசாம இருந்திருப்பேன்" என்றார். "உன் மளிகைக் கடைக்காரர் விட்டாத்தானே?"

சிவநேசன் அண்ணனைச் சொன்னார். மவுண்ட் வெல்லிங்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். வரித்துறையிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே அரிசி மூட்டைக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டு மாதம் முன்பு எமேக்கா அந்தக் கடைக்குப் போனபோது, ஆங்கிலத்துக்குத் துணையாக அண்ணன் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

எமேக்கா கணக்குப் புத்தகத்தைக் கேட்கவில்லை. பால் பாட்டில் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அலமாரிகளையே பார்த்தார். பிறகு எழுந்து போய், முன்வரிசை பருப்பு பாக்கெட்டுகளை மெல்ல நகர்த்தினார். பின்னால் இருந்தவை எல்லாம் காலி அட்டைப் பெட்டிகள். கடை நிறைந்திருப்பதுபோலத் தெரிவதற்காக அடுக்கியவை.

இவர் பணத்தை ஒளிக்கவில்லை, இவரிடம் பணமே இல்லை என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அப்புறம் அண்ணனிடம் திரும்பி, நான் மொழிபெயர்க்க வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நாங்க கேக்கிறதுக்கு முன்னாடி நீங்களா வந்து சொன்னா அபராதம் குறையும். தவணையும் கிடைக்கும். நாங்க கண்டுபிடிச்ச பிறகு சொன்னா, அதுக்குப் பேர் சொல்றது இல்லை... மாட்டிக்கிறது."

சிவநேசன் அண்ணன் கண் காலிப் பெட்டிகள் மேலேயே இருந்தது.

"தம்பி, இவர் முந்தி என்ன வேலை செய்தவர் எண்டு ஒருக்காக் கேளும்."

கேட்டேன். எமேக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். வங்கியில் கேஷியர் என்றார்.

"பொய்" என்றார் அண்ணன், சாவகாசமாக. "கேஷியருக்குத் தன்ர ஜன்னலுக்கு முன்னால நிக்கிற ஆளைத்தான் தெரியும். கடையின்ர பின்வரிசையைப் பாக்கிறவன் கடன் குடுத்துப் பழகினவன். நானும் ஊரில கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரா இருந்தனான், எனக்குத் தெரியாதே? என்னை மட்டும் எல்லாத்தையும் சொல்லச் சொல்லுறார்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. காரில் வரும்போது எமேக்கா விடாமல் கேட்டார். சொன்னேன்.

அடுத்த வாரமே சிவநேசன் அண்ணன் கடிதங்களையெல்லாம் பிரித்து, தானாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, தவணையும் வாங்கிவிட்டார். சொல்லிக்கொடுத்தவர்தான் சொல்லாமல் இருந்தார்.

இதுதான் அந்த வியாழக்கிழமையின் கதை. பயோடேட்டாவை மறுபடி மூன்று பக்கமாக்கினோம். கூடவே அவர் மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம். நான்தான் எழுதினேன். 'ஒரு நண்பரின் ஆலோசனைப்படி அப்போது அவ்வாறு குறிப்பிட்டேன்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். குற்றத்தில் என் பங்கை நான் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

எமேக்கா பேனாவை வாங்கி அந்த வாக்கியத்தை அடித்தார்.

"எல்லாக் கடைக்காரரும் இப்படித்தான் எழுதுறாங்க, அக்கவுன்டன்ட் சொன்னார்னு. கையெழுத்து என்னோடது, பிரதர்."

சப்-எடிட்டரை ஒருவர் எடிட் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை காலை கடிதத்தைக் கொடுத்தார். மேலாளர் இந்த நாட்டுக்காரர், ஒரு கிவி பெண்மணி. இரண்டு முறை படித்தாராம். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் எமேக்கா தன் வீட்டுப் புல்லை வெட்டினார். பிறகு என் வீட்டுப் புல்லை வெட்டினார். மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரர் வந்து, என் வீட்டுக்கும் வருவீர்களா, என்ன ரேட் என்று கேட்டுவிட்டுப் போனார். எமேக்காவின் மனைவி ஆஸ்பத்திரியில் கூடுதல் ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நான் ஜன்னல் வழியாக மெஷின் சத்தத்தைக் கேட்டபடி, வேறு எதையும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். எதிரே மூன்று பேர். ஏன் கேஷியர் என்று எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மேலாளர் என்று எழுதியபோது யாரும் வேலை கொடுக்கவில்லை என்றிருக்கிறார். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை.

வேலை போகவில்லை. எழுத்து மூலம் எச்சரிக்கை. ஒரு வருடம் அது ஃபைலில் இருக்கும். அதுவரை எந்தப் பதவி உயர்வுக்கும் விண்ணப்பிக்க முடியாது. ஆக, குழுத் தலைவர் நாற்காலி இந்த முறை இல்லை. அதில் வேறு யாரோ வந்து உட்காருவார்கள். அவரிடம் எமேக்கா லீவு கேட்பார்.

நான் வருத்தத்தோடு ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். தடுத்தார்.

"நானா சொன்னதால குறைஞ்ச அபராதம். நான் ஊருக்கெல்லாம் சொல்ற அதே ரேட்."

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். கிளம்பும்போது மேலாளர் வாசல்வரை கூட வந்தாராம். புதிதாகச் சேர்ந்த இரண்டு அலுவலர்களை இனிமேல் கடைகளுக்குக் கூட்டிப்போய்ப் பழக்க முடியுமா என்று கேட்டாராம். பதவி இல்லை, சம்பள உயர்வு இல்லை. சரி என்று வந்திருக்கிறார்.

"ஏழு வருஷமா ஆபீஸ்ல கேப்பாங்க, இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டேன்னு. சும்மா, பார்த்துப் பார்த்து வந்ததுன்னு சொல்வேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே அபான்னு சொல்லலாம்."

அதன் பிறகுதான் நான் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். இந்த ஊரில் நான் வெட்டிக்கொடுத்த பயோடேட்டாக்கள் முப்பதுக்குக் குறையாது. இரண்டு டாக்டர், ஒரு கல்லூரி முதல்வர், பாலம் கட்டிய ஒரு என்ஜினியர்... பாதிப் பேர் நான் எழுதும் இந்தப் பத்தித் தொடரைப் படிக்கிறவர்கள்.

சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன். வெட்டியது எதையும் நான் அழிக்கவில்லை — வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.