கைவிடப்பட்ட பாதையில் இரண்டு பாலங்கள்

என் மகன் இறந்த இடத்தை நாங்கள் தவறாக அடையாளம் கண்டோம். அந்தத் தவறு எனக்குத் தெரிய வந்து பல வாரங்கள் கடந்த பின்பும் என் மனைவிக்கு அது தெரியாமலே இருந்தது. அந்த வாரங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுங்கை பூலோவுக்கு அப்பால், ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றி வந்த கிளை ரயில் பாதை ஒன்று உண்டு. சுரங்கம் மூடப்பட்டதும் பாதையும் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பாலங்களைப் பெயர்க்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, எதையும் எங்கும் இணைக்காமல், அவை அப்படியே நிற்கின்றன.

வார நாள்களில் வங்கி அலுவலனாக இருந்த என் மகன், ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தகைய இடங்களைத் தேடிச் சென்று படமெடுத்தான். நடைமேடை மட்டும் மிஞ்சிய நிலையங்கள், கொடி மூடிய நீர்த்தொட்டிகள், ஆற்றின் நடுவே தலையில் எதையும் தாங்காத தூண்கள். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவன்; என் தந்தை ரயில்வேயில் எழுத்தர். அந்த வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தபோது நான் வருந்தியதாக நினைவில்லை. ரயில் மீதான பற்று என்னைத் தொடாமல் தாண்டி அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில், அவன் சாய்ந்து நின்ற பாலத்தின் கைப்பிடிச் சுவர் சரிந்தது. இதற்கு மேல் அதை விவரிக்க இயலாது.

விபத்தில் போனவர்கள் வழி தெரியாமல் விழுந்த இடத்திலேயே நிற்பார்கள், வீட்டார் போய்ப் பெயர் சொல்லி அழைத்து வர வேண்டும் என்பது எங்களவரிடையே உள்ள வழக்கம். தகனம் முடிந்த மறுநாள் என் மனைவி சொன்னது அது ஒன்றைத்தான்.

“அங்க தனியா நிப்பான் அவன். இருட்டுனா அவனுக்கு ஆகாது.”

நான் பல்கலைக்கழகத்தில் சாட்சியச் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவன். நிரூபிக்கப்படாத எதையும் ஏற்காதிருக்க இளைஞர்களைப் பழக்குவதே என் தொழிலாக இருந்தது. ஆயினும் சரி என்றேன்.

போலீஸ் அறிக்கையில் பழைய ரயில் பாலம் என்று மட்டுமே இருந்தது. ஏற்பாடுகளை அவளுடைய தம்பி கவனித்தார். பண்டமாரானில் லோரி ஓட்டுபவர். நாட்டில் தமக்குத் தெரியாத சாலை இல்லை என்று நம்புபவர். ஒரு கோயில் பண்டாரத்தையும் ஏற்றிக்கொண்டு வேனில் புறப்பட்டோம். தோட்டத்தின் விளிம்பில் தேநீர் விற்கும் ஒட்டுக்கடையில் மைத்துனர் இறங்கி, மலாயில் வழி விசாரித்துவிட்டு வந்தார்.

“விசாரிச்சிட்டேன் மச்சான். நேரா போயி லெஃப்டு. பழைய ரயில் பாலம் இங்க ஒண்ணே ஒண்ணுதான் இருக்காம் லா.”

வாழ்நாள் முழுவதும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி என்று கற்பித்த நான், அந்த ஒரு வாக்கியத்தைக் கேள்வி கேட்கவில்லை.

அது ஓர் இரும்புப் பாலம். பழுப்பு நிற ஓடையொன்றின் மேல் துருவேறிக் கிடந்தது. பண்டாரம் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தார், சூடம் ஏற்றினார், நீர் நிறைந்த செம்பை என் மனைவியின் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்பாதான் கூப்பிடணும் ஐயா. மூணு தரம் பேரச் சொல்லி, வா, வீட்டுக்குப் போகலாம்னு சொல்லுங்க. அவரு இந்தத் தண்ணியில வந்துருவாரு.”

என் வாய் திறக்கவில்லை. சூடம் அணையப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் மைத்துனர்தான் முன்னால் வந்து, கரகரத்த குரலில் அவன் பெயரைச் சொல்லி, “வாடா மாப்ள, போலாம், அம்மா நிக்கிறா பாரு” என்று அழைத்தார். என் மனைவி செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு, திரும்பிப் பாராமல் வேன்வரை நடந்தாள். மறுநாள் காலை அந்த நீரைக் கிள்ளான் துறைமுகத்தருகே கடலில் சேர்த்தோம்.

அன்று முதல் அவள் உறங்கத் தொடங்கினாள். சில நாள்களில் மீண்டும் சமைத்தாள். பூச்சட்டிகளுக்கு நீர் ஊற்றினாள். அடுத்த வீட்டு அம்மாளுடன் மீன் விலை பேசினாள். நான் அதைச் சற்றுத் தொலைவிலிருந்து, நன்றியோடு கவனித்து வந்தேன்.

விபத்து நடந்தபோது மகனுடன் இருந்தவள் அவனுடைய தோழி ஒருத்தி மட்டுமே. சரிவில் அவனை நோக்கி இறங்கி ஓடியதில் அவளுக்குக் கால் முறிந்து, செமினியில் பெற்றோர் வீட்டில் கட்டோடு கிடந்தாள். கட்டுப் பிரித்த பிறகு எங்களைப் பார்க்க வந்தாள். என் மனைவி தோசை ஊற்றிப் போட்டாள். செம்பில் அவனை அழைத்து வந்த கதையைச் சொன்னாள். தம்பி எடுத்து அனுப்பியிருந்த படத்தைக் கைப்பேசியில் காட்டினாள். அந்தப் பெண் படத்தை நெடுநேரம் பார்த்தாள். “நல்லதுங்க ஆன்டி” என்றாள்.

நான் வழியனுப்ப வெளியே வந்தேன். அவள் காரை எடுக்கும்போது கண்ணாடியை இறக்கி, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அங்கிள், அந்தப் படத்துல இருக்கிறது இரும்புப் பாலம்.”

“ஆமா.”

“அங்க இல்ல அங்கிள். நாங்க போனது இன்னொண்ணு. செங்கல்லுல வளைவு வளைவா கட்டுனது. அதுக்கு இன்னும் ரொம்ப உள்ள போகணும். ஆன்டிகிட்ட சொல்ல எனக்கு வாயே வரல.”

தர்க்கப்படி பார்த்தால் நான் கலங்கக் காரணமே இல்லை. எவரும் எங்கும் நிற்பதில்லை என்றால் இந்தப் பாலமானால் என்ன, அந்தப் பாலமானால் என்ன? இந்த வாதத்தை நான் தினமும் எனக்கு எடுத்துரைத்தேன். அதில் ஓட்டை இல்லை. ஆனால் ஒரு பிற்பகல், நாங்கள் வசிக்கும் கிள்ளானில் கனமழை கொட்டியபோது, பரவாயில்லை, அங்கே ஒதுங்கிக்கொள்ள வளைவுகள் இருக்கின்றன என்று நினைத்தேன். நினைத்தபின் கையிலிருந்த தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்துவிட வேண்டியிருந்தது.

மனைவியிடம் சொன்னால் அவளுடைய உறக்கம் போகும். சொல்லாவிட்டால், அவள் யாரைக் கரை சேர்த்துவிட்டதாக நம்புகிறாளோ அவன் இன்னும் அங்கேயே நிற்கிறான். அவள் கணக்கில் அது அப்படித்தான். என் கணக்கு என்னவென்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் முழுவதும் சொல்லி முடிக்கும் முன்பே, “நான் கூட்டிட்டுப் போறேன் அங்கிள்” என்றாள்.

போவதற்கு முதல் நாள் கிள்ளான் கடைத்தெருவில் எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கினேன். கடைக்காரர் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“என்ன அங்கிள், புது வண்டியா? டயருக்கு நாலு போதும் லா. நல்ல பழமா பாத்துப் போடுறேன்.”

“ஆமா, வண்டிக்குத்தான்” என்றேன்.

காலையில் போனோம். செம்மண் பாதை முடிந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு, முன்பு தண்டவாளம் கிடந்த மேட்டின்மேல் நடந்தோம். அவள் இன்னும் லேசாக விந்தினாள். நடந்துகொண்டேயிருக்கையில் தரை எங்களுக்குக் கீழே நழுவி இறங்குவதுபோல் பள்ளத்தாக்கு திறந்தது. அதன் குறுக்கே அந்தப் பாலம் நின்றது.

அது அழகாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். செம்பனை ஓலைகளுக்கு மேலே செங்கல் தூண்கள் உயர்ந்து, ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டதுபோல் வளைவுகளாகி, எதிர்ச்சரிவின் பச்சைக்குள் போய் மறைந்தன. மழைநீர் வழிந்து கறுத்த செங்கற்களின் இடுக்கில் ஆலங்கன்று ஒன்று வேர் விட்டிருந்தது. ஒரு கரிவண்டிக்காக இத்தனை கவனத்துடன் ஒருவர் கட்டியிருக்கிறார். ஞாயிறுதோறும் அவன் எதைத் தேடிப் போனான் என்பது எனக்கு முதன்முறையாகப் புரிந்தது. அதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் அவன் இல்லை.

பாலத்தின் வாயில் புதிதாக வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தார்கள். கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி தெரிந்தது. நாங்கள் சரிவு வழியாகக் கீழே இறங்கினோம். “அங்க அங்கிள்” என்று ஒரு தூணின் அடியைக் காட்டிவிட்டு அவள் பின்னால் நின்றுகொண்டாள்.

பழத்தை நறுக்கி வைத்தேன். காற்றில் சூடம் எளிதில் பற்றவில்லை. பற்றியபோது அவன் பெயரைச் சொன்னேன். எதிரொலி வருமென்று எதிர்பார்த்தேன்; வரவில்லை. மறுபடியும் சொன்னேன். பண்டாரம் கற்றுக்கொடுத்த சொற்கள் நினைவிலேயே இல்லை. பள்ளி நாள்களில் படிக்கட்டின் அடியில் நின்று அவனை எழுப்பிய குரல்தான் வெளிவந்தது.

“எந்திரிடா. நேரமாச்சு. வா.”

அந்தப் பெண் அழுத சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டின்மேல் ஏறும்போதும் பார்க்கவில்லை. காரருகே வந்ததும் அவள் முன்கதவைத் திறக்காமல் பின்னிருக்கையில் ஏறினாள். காலையில் வரும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். பக்கத்து இருக்கையை வெறுமையாகவே விட்டு வண்டியை எடுத்தேன்.

அவளை ரயில் நிலையத்தில், அவள் நிறுத்தியிருந்த காரருகே இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கேட்டைத் திறந்து கால் வைத்தவன், உள்ளே போக முடியாமல், குழாயடியில் நின்றுவிட்டேன். சாவுக்குப் போய் வந்தவர்கள் கால் கழுவாமல் வாசல் ஏறுவதில்லை. அதை நான் யோசித்துச் செய்யவில்லை, உடம்பு செய்தது. என் மனைவி வீட்டு வாசலின் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அங்கயே நிக்கிறீங்க? எங்க போயிட்டு வரீங்க?”

“பாலத்துக்கு.”

“அங்க எதுக்கு இன்னொரு தரம்?”

பொய் ஒன்று தயாராகவே இருந்தது. அதை எடுக்க முடியவில்லை.

“அன்னைக்கு நாம போனது அது இல்ல. அவன் விழுந்தது வேற பாலம்.”

அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரங்களில் அவளுக்குத் திரும்பி வந்திருந்த நிறமெல்லாம் முகத்திலிருந்து இறங்குவதை நான் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

“யாரு கூப்பிட்டா?” என்றாள் பிறகு.

“நான்தான்.”

“பேரச் சொல்லியா?”

“பேரச் சொல்லித்தான்.”

கதவைத் திறந்து இறங்கி வந்தாள். குழாயைத் திருகி, பூச்சட்டிகளுக்கு ஊற்றும் வாளியில் நீர் பிடித்து, என் கால்களில் ஊற்றினாள். ஒரு வாளி போதாதென்று இன்னொன்றும் பிடித்தாள். ஈரக் கால்களோடு நான் திரும்பி, வழக்கம்போல் கேட்டைச் சாத்தக் கை நீட்டினேன்.

“சாத்தாதீங்க” என்றாள். “கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.”

நான் கையை எடுத்துக்கொண்டேன்.