இம்பிர் என்று ஒரு சொல்

போன வருட நவம்பர், மூன்றாம் செவ்வாய்க்கிழமை. அன்று காலைதான் காருக்குக் குளிர்கால டயர் மாற்றினேன். ஆகவே நாள் பிசகாது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் மூலையறையில் ஒரு போலந்துக்காரர் இருந்தார். ஞாயிறு முதல் அவர் சரியாக எதையும் குடிக்கவில்லை.

வாலிபத்தில் இங்கே வந்து உழைத்தவர். மறதி நோய் முதலில் அவருடைய டேனிஷைக் கொண்டுபோனது. மிஞ்சியது தாய்மொழி மட்டும். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தோம். ஆளில்லாமல் வந்த குரலுக்கு அவர் பயந்துபோனார்.

புரைக்கேறும் என்பதால் எந்தப் பானத்தையும் மாவு கலந்து தடிப்பாக்கி, கரண்டியால்தான் கொடுப்போம். அன்று நான் இஞ்சித் தேநீரைத் தடிப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணை, போலந்துக்காரருக்கும் எங்கட இஞ்சிப் பிளேன்ரீயோ?" என்றாள் உடன் வேலை செய்யும் மன்னார்ப் பெண்.

"ஓம். அவையள் இஞ்சியை இம்பிர் எண்டு சொல்லுவினம். ரஷ்யர்களும் அப்பிடித்தான். செர்பியாவில ஜும்பிர். எல்லாம் இஞ்சிவேர் எண்டதில இருந்து போனது. பாளி, கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் எண்டு சுத்தி..."

"ஐயோ, தேத்தண்ணி ஆறப்போகுது. சுத்தினது காணும், போங்கோ."

கரண்டியை உதட்டருகே பிடித்து, "இம்பிர்" என்றேன்.

அவர் கண் திறந்தார். வாயும் திறந்தது. பாதிக் கோப்பை இறங்கியது. எனக்குள் சின்னப் பெருமை.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். மெதுவாக, நெடுநேரம், இடையில் ஒருமுறை அழுது. கடைசியில் குரல் உயர்ந்து நின்றது, ஏதோ கேட்டிருக்கிறார். தன் மொழி தெரிந்தவன் ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார். என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்.

அந்தச் சொல் கடந்த நாடுகளை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியும். 'எங்கே நோகிறது' என்று அவர் மொழியில் கேட்கத் தெரியாது. என்னிடமிருந்ததையே மறுபடி சொன்னேன்.

"இம்பிர்."

கையை விட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மீதிப் பாதிக் கோப்பையும் ஆறி, பசைபோல் இறுகிவிட்டது.

மறுநாளும் அதே தேநீரோடு போய் அதே சொல்லைச் சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை.