கொம்புப் பிடிக் கத்தி

எழுபதுகளில், அப்பா இறந்த பிறகு, செங்கல்பட்டு சலூன் வேலையை விட்டுவிட்டு பிறந்த ஊரான மாமல்லபுரத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். அப்பாவின் பெட்டியில் கொம்புப் பிடி போட்ட சவரக்கத்தி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செங்கல் பொடியால் துருவைத் தேய்த்தெடுத்தேன். சிற்பக் கொட்டகையில் கேட்டு வாங்கிய வழவழப்பான கல்லில் பொறுமையாகத் தீட்டி, தோல்வாரில் இழுத்தேன். முன்கையில் வைத்ததுமே முடி உதிர்ந்தது.

குப்பத்து மாணிக்கத்துக்கு மறுநாள் கல்யாணம். அந்தக் கத்தியால்தான் அவனுக்கு முகம் மழித்தேன். ஒரு கன்னம் முடிந்தபோது, பக்கத்தில் காத்திருந்த அவன் மாமா கத்தியைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இன்னாடா இது? உங்கப்பன் சாவு வூட்டுக்கு மட்டும் எடுத்தார கத்தியாச்சே! மாப்ள மூஞ்சில வெக்கிற?"

அப்பா தனிக்கத்தி வைத்திருந்தது ஊருக்கே தெரியும். சின்ன வயதிலேயே செங்கல்பட்டுக்குப் போய்விட்ட எனக்குத் தெரியாது.

"சத்தியமா தெரியாது, அண்ணாத்த" என்றேன்.

மாணிக்கம் நுரையைத் துடைத்துக்கொண்டு பாதி முகத்தோடு இறங்கிப் போனான். அதன்பிறகு குப்பத்தார் யாரும் என் கடைப்படி ஏறவில்லை.

மழைக்காலத்தில் மாணிக்கத்தின் அப்பா இறந்தார். அதே மாமா வாசலில் வந்து நின்றார்.

"கருமாதிக்கு வந்துடு. அந்தக் கத்தியவே எடுத்துகினு வா."

போனேன். கடற்கரை மணலில் மாணிக்கம் எனக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். ஒரு கீறல் இல்லாமல் மழித்து முடித்தேன். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கத்தி நல்லா கீது" என்றான்.

இன்றும் யாராவது என் கைவேலையைப் புகழ்ந்தால், கல்யாணத்துக்கா கருமாதிக்கா என்று கேட்க நாக்கு துடிக்கிறது.